செட்டியார்பட்டிக் காலராவும் ஜமேதார் விட்ட அபினும்

1901, மார்கழி முதல் வாரம். செட்டியார்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவருக்கு வாந்தியும் பேதியும் கண்டதாக ராஜபாளையம் தர்ம ஆஸ்பத்திரிக்குச் செய்தி வந்தது.

அதே வாரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சுகாதார அதிகாரி நோயாளியைப் பார்வையிட்டுக் காலரா என அறிவித்தார். சர்க்கார் காலரா மாத்திரை கொடுக்கப்பட்டது. குணம் தெரிந்தது. தெருக்கிணற்றில் மருந்து கரைக்கப்பட்டது. தை முடியும்வரை அத்தெருவில் கூட்டம் கூடுவதும், சுற்றியுள்ள ஊர்களில் தின்பண்டமும் நாட்டு மருந்தும் கூவி விற்பதும் தடைசெய்யப்பட்டன.

மார்கழி மூன்றாம் வாரம். தேவதானத்தில் இரண்டாவது நோயாளி. அதே குறிகள்.

மேலே கண்ட ஒவ்வொரு வரியும் உண்மை. காலரா மட்டும் வரவில்லை.

வைத்தியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். மருந்துகளின் அளவும் கலவையும் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றை நான் திருப்பிச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஒரு மருந்து உடம்பில் நுழையும்போது செய்வதைப் புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. அது வெளியேறும்போது செய்வதைப் பற்றி அவை ஏனோ கூச்சப்படுகின்றன. அதை நான் கற்ற இடம் செட்டியார்பட்டி.

ஜமேதார் பர்மாவில் இருந்தவர். அங்கே காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பட்டாளத்தில் அபின் உருண்டை கொடுத்தார்கள். காய்ச்சல் பர்மாவோடு நின்றது. அபின் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தது. காலையில் ஓர் உருண்டை, அந்தியில் ஓர் உருண்டை. அவர் தள்ளாடியதில்லை, உளறியதில்லை, கோபப்பட்டு யாரும் பார்த்ததும் இல்லை. ஊரார் அதைக் குணம் என்றார்கள். நான் அதை அளவு என்பேன்.

மனைவியை இழந்த அவருக்கு ஒரே மகள், வெள்ளையம்மாள். தேவதானத்தில் வயலும் தோப்புமாக வாழ்ந்த ஒருவர் தம் மகனுக்கு அவளைக் கேட்டார். தைமாதம் முகூர்த்தம் என்று பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளையின் தந்தையான அவருக்கு ஜமேதாரின் பழக்கம் தெரியவந்தது. அபின் தின்கிறவன் வீட்டுப் பெண் தம் வீட்டுப் படியேற முடியாது என்று சொல்லியனுப்பினார். அவர் ஒழுக்கத்தில் கண்டிப்பானவர் என்று அந்த வட்டாரம் முழுவதும் பேச்சு. அப்பேச்சை அவரே வளர்த்து வந்தார்.

ஜமேதார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, இனி அபின் தின்பதில்லை என்று சத்தியம் செய்தார். நம் பக்கத்தில் சூடம் அணைத்த சத்தியத்துக்கு மேல் நீதிமன்றம் கிடையாது. சம்பந்தி திருப்தியடைந்தார். ஜமேதாரும் ஊர் திரும்பி, மிச்சமிருந்த அபினைக் கண்மாயில் வீசிவிட்டார். பட்டாளத்து மனிதர், அரைகுறை வேலை அவருக்குத் தெரியாது. மறுநாள் மூக்கு ஒழுகியது. அடுத்த நாள் வாந்தி. கிராம முன்சீப் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் இருந்த எனக்கு ஓர் ஆளும் சுகாதார அதிகாரிக்கு ஓர் ஆளும் அனுப்பினார். அவர் கடமையில் குறை சொல்ல முடியாது.

நான் போனபோது வெள்ளையம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"வந்துட்டீங்களா டாக்டரையா. விடியக்காலைலேர்ந்து எந்திரிக்கிறதும் போறதுமாவே இருக்காக. ஒரு வாய்த் தண்ணி தங்கல."

ஜமேதார் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல டாக்டரையா. பர்மாவுல இதுக்கு அப்பனையெல்லாம் பாத்தாச்சு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு நீண்ட கொட்டாவி. பின்பு தும்மல், தொடர்ந்து தும்மல். கண்ணிலும் மூக்கிலும் நீர். கைத்தோல் முழுவதும் இறகு பிடுங்கிய கோழியைப் போலப் புள்ளி எழுந்து நின்றது. நல்ல வெளிச்சத்திலும் கண்மணிகள் அகல விரிந்திருந்தன. நகம் நீலம் பாரிக்கவில்லை, குரல் கம்மவில்லை. காலரா கண்டவனுக்குக் கொட்டாவி விட நேரம் இருப்பதில்லை. ஊரே பேசிக்கொண்டிருந்த அந்தச் சத்தியம் எப்போது செய்தது என்று மகளிடம் கேட்டேன். சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது.

அந்த விளக்கத்தோடு நான் திரும்புவதற்குள் அதிகாரியின் வண்டி வந்து நின்றது.

அவர் பெயர் உங்களுக்கு வேண்டாம். நன்கு படித்தவர், அந்த ஆண்டில் தம் எல்லைக்குள் ஒரு காலராகூட வரவில்லையே என்று உள்ளூர வருந்திக்கொண்டிருந்தவர். நான் என் ஐயத்தைச் சொன்னேன்.

"வாந்தி உண்டா?" என்றார்.

"உண்டு."

"பேதி உண்டா?"

"உண்டு. ஆனால் கண்மணி விரிந்திருக்கிறது. தும்முகிறார். கொட்டாவி..."

"தும்மல் மார்கழிப் பனியால். கொட்டாவி நீர் பேசுவதைக் கேட்டு. வேறென்ன வேண்டும் உமக்கு? காலரா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா?"

தம் பெட்டியிலிருந்து சர்க்கார் காலரா மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்பதை நம் பணியிலிருந்த எல்லோரும் அறிவோம்: பெருங்காயம், மிளகு, அபின். வயிற்றை நிறுத்துவதற்காக அபின் சேர்ப்பது வழக்கம். இரண்டு நாழிகைக்குள் ஜமேதாரின் மூக்கு காய்ந்தது, தோல் அடங்கியது, முகத்தில் ரத்தம் வந்தது. "ஏட்டி வெள்ளையம்மா, கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தம் நோயறிதல் தம் மருந்தாலேயே நிரூபிக்கப்பட்ட ஒரு மனிதரோடு வாதாடிப் பயனில்லை. தெருக்கிணற்றில் கிருமி கொல்லும் ஊதா உப்பைக் கரைக்கச் செய்தார். தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. குடத்தோடு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுக்குச் சர்க்காரு சேலை எடுத்துத் தராட்டியும் கெணத்துக்குச் சாயம் போட்டுருக்கே" என்றாள். யாரும் அதைக் குடிக்கவில்லை. கூட்டம் கூடக்கூடாதென்ற தடையும் அன்றே ஒட்டப்பட்டது.

நான் வண்டியேறும்போது வெள்ளையம்மாள் பின்னாலேயே வந்தாள். "தை முடிய கூட்டம் கூடப்படாதுன்னா, முகூர்த்தம் என்னாகும் டாக்டரையா?" என்றாள். முகூர்த்தம் தள்ளினால் மாப்பிள்ளை வீட்டார் சகுனம் என்பார்கள். அதன்பின் திரும்பி வரமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பார்க்கிறேன் என்றேன். வைத்தியர் பதில் தெரியாதபோது சொல்லும் சொல் அது. நீங்களும் விரைவில் சொல்லப் பழகுவீர்கள்.

வீட்டில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலரான்னு இருந்தா கல்யாணம் நிக்கும்" என்றாள்.

"ஆமாம்."

"அபின்னு நீங்க எழுதுனாலும் நிக்கும். சத்தியம் பண்ணிட்டுத் தின்னுட்டாருன்னுதான் பேசுவாக. விட்டதுனால வந்த நோவுன்னு எந்த ஊர்ல நம்புவாக?"

"நம்பமாட்டார்கள்."

"அம்புட்டு இங்கிலீசு படிச்சிருக்கீக. இதுக்கு ரெண்டும் இல்லாம மூணாவதா ஒரு சொல்லு கிடையாதாக்கும்?"

அவள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் ஜமேதாரைப் பார்க்கப் போனேன். சர்க்கார் மாத்திரைகள் தலைமாட்டில் வரிசையாக இருந்தன, ஒன்றையும் தொடவில்லை. கால்கள் தாமாக உதறிக்கொண்டிருந்தன.

"நேத்து அதிகாரி இருக்கையில வாயில போட்டேன்" என்றார். "முழுங்குன பொறவு நாக்குல ஒரு பழைய சிநேகிதன் வாசனை வந்துச்சு. மிளகையும் பெருங்காயத்தையும் போத்திக்கிட்டு வந்தா எனக்கு அடையாளம் தெரியாதாக்கும்? சூடம் அணைச்ச கை இது, டாக்டரையா. செத்தாலும் பரவால்ல."

சாவது அசாத்தியமல்ல. வயது அறுபதைத் தாண்டியவர். நீர் தங்காத உடம்பு. ஆனால் அவரை ஏமாற்றவும் எனக்கு மனமில்லை; ஏமாறக் கூடியவரும் அல்ல. உடம்பில் நடப்பதை அவருக்குப் புரியும்படி சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாடு பூட்டிக் கமலை இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் நிறைந்த தோல்வாளியான சால் கிணற்றுக்குள் இழுக்கிறது. மாடுகள் சரிவில் எதிராக இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. அபின் வயிற்றைக் கட்டும், மூக்கைக் காயவைக்கும், கண்மணியைச் சுருக்கும், மனத்தை அமர்த்தும். உடம்பு சும்மா இருப்பதில்லை. மாடுகளைப் போல எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன்செய்து கொள்கிறது. நாள் செல்லச் செல்ல மாடுகள் வலுக்கின்றன. ஆகவே அதே சுகத்துக்குச் சால் பெரிதாக வேண்டியிருக்கிறது. ஒருநாள் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினால் சால் கிணற்றில் விழும். மாடுகள்? அவை இழுத்த வேகத்திலேயே சரிவில் குப்புற விழும். வயிறு ஓடும், மூக்கு ஓடும், கண்மணி விரியும், தூக்கம் ஓடும். அபின் செய்ததெல்லாம் தலைகீழாகும். அது நோயல்ல, எதிரி போன பிறகும் நிற்காத எதிர்ப்பு.

ஜமேதார் கவனமாகக் கேட்டார். "அப்போ மாட்டை மெதுவா நிறுத்தணும்ங்கீக. அதுக்குச் சாலைத் தினம் கொஞ்சம் சின்னதாக்கணும். அதுக்கு அபின் திங்கணும். நான் சத்தியம் பண்ணியிருக்கேன். வேற பேச்சுப் பேசுங்க."

அப்போதுதான் அடுப்படியிலிருந்து வெள்ளையம்மாள் பேசினாள்.

"அப்பா, பர்மாவுல ஒரு மலையை விட்டு எறங்குனோம்னு சொல்வீகள்ல. எப்படி எறங்குனீக?"

"எத்தனை தடவ சொல்லியிருக்கேன் ஏட்டி. ஒரு வரிசை நின்னு சுடும், ஒரு வரிசை பின்வாங்கும். பொறவு மாத்தி."

"எல்லாரும் ஒரேயடியா எறங்கி ஓடியிருந்தா?"

"ஒருத்தன் மிஞ்சியிருக்க மாட்டான்."

"அப்போ மலையை விட்டது பொய்யா?"

ஜமேதார் உதறும் கால்களைத் தரையில் ஊன்றினார். பின்பு என்னிடம் திரும்பி, "இவ பள்ளிக்கூடம் போகலை டாக்டரையா. போயிருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்" என்று சொல்லிக் கையை நீட்டினார். அன்று முதல் நானே மாத்திரை உருட்டினேன். நாளுக்கு நாள் அபின் குறைவு, பெருங்காயம் அதிகம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டே கொடுத்தேன். அவர் மலையிறங்கும் கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டார்.

மனிதர் பிழைப்பார் என்று தெரிந்தது. தடை மட்டும் அப்படியே இருந்தது. அதிகாரியை இருமுறை பார்த்தேன். காலரா பரவவில்லையே என்றேன். "அதுதான் தடையின் பலன்" என்றார். பரவினால் தடை நீடிக்க வேண்டும். பரவாவிட்டால் தடை வெற்றி, ஆகவே நீடிக்க வேண்டும். இத்தகைய தர்க்கத்தை உடைக்கும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்புறம் தேவதானத்திலிருந்து செய்தி வந்தது. சம்பந்திக்கு வாந்திபேதி.

அதிகாரி என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழி முழுவதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "பரவிவிட்டது பார்த்தீரா?" என்றார், பரிசு பெற்றவரைப் போல.

சம்பந்தி சாய்மணையில் கிடந்தார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் இருமுறை கொட்டாவி விட்டார். தும்மினார். கைத்தோல் எழுந்து நின்றது. அதிகாரி கிணற்றைப் பார்க்கப் போனார். அவருக்கு நோயாளியைவிடக் கிணற்றில் நம்பிக்கை அதிகம். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"ஐயா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது எடுத்துக்கொள்வது உண்டா?" என்று கேட்டேன்.

"கெட்ட பழக்கம் எதுவும் நம்ம வீட்டுல கிடையாது" என்றார். "செரிமானத்துக்கு ஒரு லேகியம். சந்தை அன்னைக்கு ஒரு வைத்தியன் கொண்டாருவான். பத்துப் பதினைஞ்சு வருசமா அதுதான். மூலிகை. இப்போ விக்கப்படாதுன்னு போலீசு அவனை விரட்டிவிட்டுட்டான். அந்த லேகியம் இல்லாமத்தான் வயிறு இப்படி ஆயிப்போச்சு."

தலைமாட்டில் லேகியச் சிரட்டை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. எடுத்து முகர்ந்தேன். வெல்லம், நெய், ஏலம், சாதிக்காய். அவற்றுக்கு அடியில் ஜமேதாரின் பழைய சிநேகிதன்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜமேதார் தின்றது வெறும் அபின். விட்ட மறுநாளே குறி காட்டியது. இவருடையது நெய்யிலும் வெல்லத்திலும் கட்டுண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. ஆகவே பிந்தி வந்தது, சற்றுச் சாதுவாகவும் வந்தது, ஆனால் நெடுநாள் இருந்தது. மருந்து எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வேகமாக மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு கடுமையாக உடம்பு விழுகிறது. நாம் அதற்கு என்ன பெயர் வைத்தோம் என்பதை உடம்பு விசாரிப்பதில்லை.

"இது காலரா அல்ல" என்றேன். "உங்களுக்கும் ஜமேதாருக்கும் ஒரே நோய்."

அவர் புரிந்துகொண்டார். முகம் சிறிது நேரம் ஒரு நிறத்திலும் நிற்கவில்லை. "லேகியம் மூலிகை" என்றார் மறுபடியும், மெதுவாக.

"மூலிகைதான். அபினும் செடியிலிருந்துதான் வருகிறது."

அவர் காலிச் சிரட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அவரு சத்தியத்துக்காகவா இம்புட்டையும் தாங்குனாரு?" என்றார் கடைசியில்.

"ஆமாம். உங்கள் வீட்டில் அவர் மகள் வாழ்வதற்காக."

"செத்த நேரம் இருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "முகூர்த்தத் தேதி மாறப்படாது. அந்த அதிகாரிக்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க. இந்த லேகியப் பேச்சு மட்டும் இந்த அறையோட இருக்கட்டும்" என்றார். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது நம் தர்மம் என்பதால், அவர் கேட்காவிட்டாலும் நான் அதைக் காப்பாற்றியிருப்பேன். அவருக்கும் சர்க்கார் மாத்திரை கொடுக்கப்பட்டது. இரண்டு நாழிகையில் குணம் தெரிந்தது.

திரும்பும் வழியில் என் மனைவி கேட்ட மூன்றாவது சொல் எனக்குக் கிடைத்தது. வண்டியிலேயே அதிகாரிக்கு ஒரு வரைவு எழுதிக் கொடுத்தேன்: "இரு ஊர்களிலும் கண்ட வாந்திபேதி, அதிகாரியவர்கள் தம் கையால் அளித்த மாத்திரையால் உடனே நின்றது; வேறு எவருக்கும் பரவவில்லை; இனிப் பரவுவதற்கும் இடமில்லை." இந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள். காலரா என்ற சொல்லும் இல்லை. அதை அவரே அன்போடு சேர்த்துக்கொண்டார். நோயை வேரோடு ஒடுக்கியவர் தடையை நீட்டிப்பது தம் வெற்றியைத் தாமே ஐயப்படுவதாகும் என்று பணிவோடு சொன்னேன். தைப்பொங்கலுக்கு முன் தடைக் காகிதம் கிழிக்கப்பட்டது. பின்னாளில் அவருக்குப் பாராட்டும் வந்தது. அந்த மாத்திரையின் மகிமை பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதை நம்பி எத்தனை வீடுகளில் அது வயிற்றுவலிக்கும் குழந்தைக்கும் கொடுக்கப்பட்டதோ தெரியாது.

கல்யாணம் நடந்தது. மணவறையின் இருபுறமும் இரு சம்பந்திகளும் உட்கார்ந்து மாறிமாறிக் கொட்டாவி விட்டார்கள். கல்யாண அலைச்சல் என்றார்கள் ஊரார். பந்தியில் சம்பந்தி என் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தக் காலரா மாத்திரை இன்னும் ரெண்டு கிடைக்குமா டாக்டரையா?" என்று கேட்டார்.

பங்குனிக்குள் ஜமேதார் மலையிறங்கி முடித்தார். அதன்பின் சாகும்வரை தொடவில்லை. கோபம் மட்டும் வரத் தொடங்கியது. வெள்ளையம்மாள் சந்தோஷமாகத் திட்டு வாங்கினாள். சம்பந்தி விடவே இல்லை. அவர் எதையும் எடுத்துக்கொள்ளாதவர் ஆயிற்றே, எதை விடுவது? கல்யாணம் முடிந்த கையோடு லேகியக்காரன் திரும்பி வந்தான். ஒழுக்கத்துக்குப் பேர்போனவராகவே அவர் காலமானார். உங்களிடம் வருகிறவர்களில் ஜமேதார்கள் குறைவாகவும் சம்பந்திகள் அதிகமாகவும் இருப்பார்கள். நோவைப் பாருங்கள், பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். ஊசி வழியாகச் செலுத்தும் மார்பியா, அபின் இனத்திலேயே மிக வேகமானது. அதன் வேகத்துக்கு அஞ்சி, சாகக் கிடப்பவர்களுக்கும் அதை மறுக்கும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர்களைக் கேளுங்கள்.

இந்த ஆண்டு என் மனைவிக்கு வயிற்றில் கட்டி கண்டது. ஊசி போட்டது நான்தான். ஆவணியில் வெள்ளையம்மாள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தபோது, அன்று பிற்பகல் மட்டும் தனக்கு நினைவு தெளிவாக இருக்க வேண்டும் என்றாள் என் மனைவி. "ஒரேயடியா வெட்டிறாதீக. மாடு விழுந்துரும்" என்றாள். சிறிது சிறிதாகக் குறைத்தேன். வலி வந்தது, பொறுத்தாள். இருவரும் ரோஜா நிறக் கிணற்றைப் பற்றிப் பேசிச் சிரித்தது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. வெள்ளையம்மாளின் வண்டி நகர்ந்த பின் என்னைக் கூப்பிட்டு, "இப்போ போடுங்க" என்றாள். போட்டேன். அதன்பின் குறைக்கவில்லை. புரட்டாசியில் முடிந்தது.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

அபினைப் படிப்படியாகக் குறைக்கும் அளவு முறையைத் தனியாக எழுதி உங்களுக்கு அனுப்புதல்.

செட்டியார்பட்டியில் கண்டது காலரா அல்ல என்று அந்த அதிகாரியிடம் சொல்லுதல். அவர் இப்போது இல்லை. ஆயினும் கணக்கில் நிற்கிறது.

ஊசிப் பெட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தல். வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்தாயிற்று. பெட்டி அவள் கட்டிலருகிலேயே இருக்கிறது.

தேவதானத்துக்குப் பதில் எழுதுதல். புரட்டாசிச் செய்தியை அங்கே இன்னும் தெரிவிக்கவில்லை. வெள்ளையம்மாளின் மகளுக்குத் தையில் முகூர்த்தம். பத்திரிகை எங்கள் இருவர் பெயருக்கும் வந்திருக்கிறது.